கூடைப்பந்துக் கோர்ட்டில் கார் நிறுத்த வேண்டாம்

நம் ஊர் மன்றத் தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கோத்தகிரி மலையில் சாயங்காலம் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஹட்டி என்கிற படுகர் ஊர்ப் பிள்ளைகளுக்கும் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறவன் எழுதுகிறேன். தேயிலை ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்ததும் நேராகக் கோர்ட்டுக்கு வந்துவிடுவேன். இரண்டு சீசனாக அங்கே டூரிஸ்ட் கார்கள்தான் நிற்கின்றன. இனி வருடம் முழுக்கவே பார்க்கிங் ஆக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். முடிவெடுக்கும் முன் டிம் டங்கன் என்கிற அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரரைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள்.

1976-ல் கரீபியன் கடலில் செயின்ட் குரோய் தீவில் பிறந்தவர். சின்ன வயதில் நீச்சல்தான் அவருக்கு உயிர். அக்கா 1988 சியோல் ஒலிம்பிக்கில் நீந்தியவர். தம்பிக்கும் அதே கனவு. 1989-ல் ஹியூகோ புயல் வந்து தீவிலிருந்த ஒரே ஒலிம்பிக் அளவு குளத்தை நாசமாக்கிவிட்டது. கடலில் நீந்தலாம் என்றால் சுறா பயம். அடுத்த ஏப்ரலில், 14-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள், அம்மாவும் புற்றுநோயில் போய்விட்டார்.

2009 நவம்பர் மழையில் நம் மாவட்டத்தில் மலை சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்களே, அதைப் பார்த்த நமக்கு ஒரு புயல் என்னவெல்லாம் கொண்டுபோகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு அக்காவின் கணவர் கொடுத்த ஊக்கத்தில்தான் அந்தப் பையன் கூடைப்பந்துக்கு வந்தான். அதுவும் அந்த வயதில்! ஏழே வருடத்தில், அமெரிக்க என்.பி.ஏ. லீக் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1997 டிராஃப்டில், முதல் ஆளாக சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி அவரை எடுத்தது. அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக நாலு வருடக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டே போனார். என் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி சொல்வது இதைத்தான். ஒரே அணியில் 19 சீசன், 5 சாம்பியன் பட்டம். 2016-ல் ஆரவாரமில்லாமல் ஓய்வு பெற்றார்.

அவர் பேர்போனது போர்டு ஷாட்டுக்கு. ரிங்குக்குப் பக்கவாட்டில், சாய்ந்த கோணத்தில் நின்று, ரிங்குக்குப் பின்னால் இருக்கிற போர்டில் வரைந்த கட்டத்தின் மேல்மூலையில் பந்தைத் தட்டுவார். அது அப்படியே வளையத்துக்குள் இறங்கும். குதிக்க வேண்டியதில்லை, பலமும் வேண்டாம். கை பழகினால் போதும். அதனால்தான் குள்ளமான பிள்ளைகளுக்கு முதலில் அதைச் சொல்லித்தருகிறேன். எட்டாவது படிக்கிற ஒரு பெண் போன மாதம் பனிமூட்டத்தில் ரிங்கே சரியாகத் தெரியாதபோது நாலு முறை தொடர்ந்து போட்டாள். ஐந்தாவது பந்து மழையில் ஊறி உப்பிய பிளைவுட் போர்டில் பட்டு, தொப்பென்று அவள் காலடியிலேயே விழுந்தது. எடுக்க ஓடியவள் காரிலிருந்து ஒழுகிய ஆயிலில் வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். மறுநாள் கட்டோடு வந்து நின்றாள்.

டூரிஸ்ட் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தும் சீசனில் கார் நிறுத்த இடமில்லை, எனக்கும் தெரியும். வியாபாரிகள் பிழைப்பும் அதில் இருக்கிறது. ஆனால் காருக்கு வேறு இடம் தேடலாம். இந்தச் சரிவில் சமதளமாக இருப்பது அந்த ஒரு துண்டு நிலம்தான். பிள்ளைகள் எங்கே போவார்கள்?

கோர்ட்டைச் சுற்றி ஒரு சங்கிலி, ஊறாத இரண்டு போர்டு, ஆறு மணிக்கு மேல் எரிய ஒரு விளக்கு. வரும் கூட்டத்தில் இதை எடுங்கள். ஆயில் கறையை நாங்களே தேய்த்துக் கழுவிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வார்டுக்காரன் ஒருவன்