வடிகால் மூடியைத் திருப்பிப் போடுங்கள்

ஆசிரியருக்கு,

சென்னைச் சாலைகளில் சைக்கிளுக்குத் தனிப் பாதை ஒதுக்குவது குறித்த தங்கள் நாளிதழ்ச் செய்தியைப் படித்தேன். வரவேற்கத்தக்கதே. ஆனால், இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறு காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொழுதுபோக்காகச் சைக்கிளில் பறப்பவர்களை மனத்தில் வைத்தே தீட்டப்படுகின்றன (அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை). விடியலில் பாலும் நாளிதழும் போடுபவர், கேரியரில் டீ கேனைக் கட்டிக்கொண்டு கட்டடப் பணியிடங்களுக்குச் செல்பவர், அரசு தந்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் ஆகியோரே இந்நகரின் அன்றாட சைக்கிள்காரர்கள். நடை, சைக்கிள் போன்ற மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென மாநகராட்சி 2014-இலேயே கொள்கை வகுத்தது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை அதற்கு ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. தெருவில் அதன் தடத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

எங்கள் பகுதியில் மழைநீர் வடிகால் மூடிகளின் கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளவாக்கில் உள்ளன. பைக் தாண்டிவிடும், சைக்கிளின் ஒல்லி டயர் இடுக்கில் இறங்கிவிடும். அப்படிச் சிக்கி விழுந்த டீக்காரரின் முழங்காலில் சுடச்சுடத் தேநீர் கொட்டியதைப் பார்த்தேன். புதுப் பாதைக்கு வண்ணம் பூசும் முன் அந்த மூடிகளைக் குறுக்காகத் திருப்பிப் போடட்டும். ரயில் நிலைய நிறுத்துமிடங்களில் பைக்குகளுக்குள்ள கூரையின்கீழ் ஒரு வரிசையைச் சைக்கிளுக்கும் ஒதுக்கட்டும்.

வாசகர், பெரம்பூர், சென்னை