ரஃப் நோட்டையும் வெளியிடுங்கள்

கணிதப் போட்டிகளுக்குக் கணக்கு அமைப்பவர்களுக்கும், அவற்றின் தீர்வுகளை எழுதி வெளியிடுபவர்களுக்கும்

வணக்கம்.

மேல்நிலை மாணவர்களைப் போட்டிக் கணக்குகளுக்குத் தயார் செய்கிறவன் நான். உங்கள் கணக்குகள் கடினமாக இருக்கின்றன என்று முறையிட இதை எழுதவில்லை. ஒரு நாளைக்கு மூன்றாக, இரண்டு நாளில் ஆறு கணக்கு என்று வைத்து, நாலரை மணி நேரத்துக்கு மூன்றே கணக்கு கொடுத்தால் அதற்கேற்ற கனம் இருக்கத்தான் வேண்டும். என் குறையெல்லாம் நீங்கள் பிறகு வெளியிடும் தீர்வுத்தாள் மீதுதான்.

1988இல் ஆஸ்திரேலியாவில் நடந்த சர்வதேச கணித ஒலிம்பியாடின் ஆறாவது கணக்கை எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பக்கம் தலைவைத்த யாருக்கும் அது தெரியும். இரண்டு மிகை முழு எண்கள். அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை, இரண்டின் பெருக்கற்பலனைவிட ஒன்று அதிகமான எண்ணால் வகுக்க வேண்டும். மீதியில்லாமல் வகுபட்டால் ஈவு ஒரு வர்க்க எண்ணாகத்தான் இருக்கும் என்று நிறுவுக. அவ்வளவுதான் கேள்வி. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். அந்த ஆண்டு அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவர்கள் 11 பேர்.

இதற்கு அச்சில் வழக்கமாக வரும் தீர்வு எப்படித் தொடங்கும்? ‘ஈவு வர்க்க எண் அல்ல என்று கொள்வோம். அந்த ஈவைத் தரும் சோடிகளில் கூட்டுத்தொகை மிகச் சிறியதாக உள்ள சோடியை எடுத்துக்கொள்வோம். இப்போது ஓர் இருபடிச் சமன்பாட்டின் மற்றொரு மூலத்தைக் கவனிப்போம்.’ பத்துப் பன்னிரண்டு வரிகளில் கதை முடிந்துவிடும். ஒரு வரியில்கூடத் தவறு கிடையாது. படிக்கிற பிள்ளை, ‘சரிதான் சார், ஆனால் இது எனக்கு எப்படித் தோன்றியிருக்கும்?’ என்று கேட்கும். நியாயமான கேள்வி. உங்கள் தாளில் அதற்குப் பதில் இல்லை.

பதில் ரஃப் நோட்டில் இருக்கிறது. சிறிய எண்களைப் போட்டுப் பார்த்தால் 2, 8 என்ற சோடி அகப்படும்: 68ஐ 17ஆல் வகுத்தால் 4. அடுத்து 3, 27: 738ஐ 82ஆல் வகுத்தால் 9. சரி, ஓர் எண்ணும் அதன் கனமும்தான் விடை போலிருக்கிறது என்று நினைக்கும்போது 8, 30 வந்து அந்த எண்ணத்தைக் கலைக்கும். அங்கே 964, 241. ஈவு மறுபடியும் 4. இன்னும் பொறுமை இருந்தால் 30, 112. அதற்கும் 4தான். இப்போது 4 தரும் எண்களை மட்டும் வரிசையாக எழுதினால் 2, 8, 30, 112. கண் உள்ள பிள்ளை பிடித்துவிடும்: ஒவ்வோர் எண்ணையும் நான்கால் பெருக்கி அதற்கு முந்தையதைக் கழித்தால் அடுத்த எண். அதே விதியை இடப்பக்கம் ஓட்டினால் 2க்கு முன்னால் வருவது 0. சோடியில் ஒன்று 0 என்றால் ஈவு மற்ற எண்ணின் வர்க்கம்தானே! கணக்கின் உயிரே இங்கேதான் இருக்கிறது. அந்த ‘மற்றொரு மூலம்’ வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஒரே ஈவு தரும் வரிசையில் ஒரு படி இறங்குவதற்கு இயற்கணிதம் கொடுத்த உடை அது. இறங்கும்போது குறை எண்ணுக்குள் போய்விடமாட்டோம், 0இல்தான் போய் நிற்போம் என்று காட்டுவதுதான் மிச்ச வேலை.

இந்த அட்டவணையை அச்சிட அரைப் பக்கம் போதும். அது இல்லாததால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இந்த உத்திக்கு ‘வியட்டா ஜம்பிங்’ என்று ஒரு பெயர் உண்டு. பெயரோடு மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். அப்புறம் வகுபடும் கணக்கு எதைக் கண்டாலும் முதல் வரியிலேயே ‘மிகச் சிறிய சோடியை எடுத்துக்கொள்வோம்’தான். ஏன் என்று கேட்டால் பதில் வராது.

எல்லாக் கணக்குக்கும் இது வேண்டியதில்லை. 1959இல் ருமேனியாவில் நடந்த முதல் ஒலிம்பியாடின் முதல் கணக்கைப் பாருங்கள். ஓர் எண்ணை 21ஆல் பெருக்கி 4 கூட்டினால் தொகுதி. அதே எண்ணை 14ஆல் பெருக்கி 3 கூட்டினால் பகுதி. இந்தப் பின்னத்தைச் சுருக்கவே முடியாது என்று நிறுவ வேண்டும். பகுதியின் மூன்று மடங்கிலிருந்து தொகுதியின் இரண்டு மடங்கைக் கழித்தால் 1. பொதுக் காரணி இருந்தால் அது 1ஐயும் வகுக்க வேண்டும். 3, 2 எங்கிருந்து வந்தன என்று அந்த வரியே சொல்லிவிடுகிறது.

வடிவியலில்தான் நிலைமை மோசம். ‘இந்தக் கோட்டை நீட்டி வட்டத்தை வெட்டும் புள்ளியைக் குறிக்கவும்’ என்று தொடங்குவீர்கள். ஏன் அந்தப் புள்ளி? பெரிய தாளில் படத்தைத் துல்லியமாக வரைந்தபோது மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் விழுவதுபோல் தெரிந்ததா? கோணங்களை ஒவ்வொன்றாகத் துரத்தும்போது இரண்டு சமமாக வந்து நின்றனவா? ஒரு வாக்கியம் எழுதினால் போதுமே.

தீர்வுத்தாள் நிரூபணத்தைச் சரிபார்க்கத்தான், பாடம் நடத்த அல்ல என்று நீங்கள் சொல்லலாம். திருத்துகிறவர்களுக்கு அது சரி. ஆனால் போட்டி முடிந்தபிறகு அதைத் தேடிப்பிடித்துப் படிப்பவர் பெரும்பாலும் அந்தக் கணக்கைப் போட முடியாமல் போன பிள்ளைதான்.

இன்னொன்று. ஒரு கணக்குக்கு உள்ள ஏழு மதிப்பெண்ணில் ஒன்றோ இரண்டோ வாங்குகிற பிள்ளைக்கு அது எதற்குக் கிடைத்தது என்று தெரிவதே இல்லை. எங்கே வழுக்கினார்கள், எந்தக் குறுக்கு வழி பார்க்க அழகாக இருந்து பாதியில் கைவிட்டது, எது நிரூபணம்போல் தோன்றி நிரூபணம் ஆகாமல் நின்றது என்றெல்லாம் விடைத்தாள்களைத் திருத்தியவர்களுக்கு அத்துபடி. உங்களிடம் இருப்பதிலேயே மதிப்புள்ள சரக்கு அதுதான். திருத்தும் அறையிலேயே அதை விட்டுவிட்டுப் போகிறீர்கள்.

இடம் போதாது என்றால் எளிதாக அமையும் முதல் கணக்கையும் நான்காவதையும் விட்டுவிடுங்கள். கடினமாக அமையும் மூன்றாவதுக்கும் ஆறாவதுக்கும் அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும்: முதலில் எதைப் போட்டுப் பார்த்தீர்கள், எது கைகொடுக்கவில்லை, எந்த இடத்தில் வழி தெரிந்தது. அடுத்த போட்டியின் தீர்வுகளிலிருந்தே தொடங்கலாம். பழைய தாள்களுக்கு அந்த அரைப் பக்கத்தை எழுதிக்கொடுக்க என்னைப் போன்ற ஆசிரியர்கள் பலர் தயாராக இருப்பார்கள். சரிபார்த்து வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
போட்டிக் கணக்கு சொல்லித்தரும் ஓர் ஆசிரியர்