காவிரி மாசீருக்குக் குஞ்சு விட்டால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காவிரி மாசீர் மீனைக் காப்பாற்றுவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், பொரிப்பகம் அமைத்து லட்சக்கணக்கில் குஞ்சு விடலாம் என்பதே முதல் யோசனையாக வருகிறது. இதே ஆற்றில் அந்த யோசனை ஏற்கெனவே கேடு செய்திருக்கிறது.

காவிரி மாசீர் என்று நாம் சொல்லும் திமில் மாசீர் காவிரிப் படுகைக்கு மட்டுமே உரியது. துடுப்புகள் ஆரஞ்சு நிறம். தலைக்குப் பின்னால் முதுகு திமில்போல் எழும்பியிருக்கும். 1946இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்றின் எடை 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. 1970களிலிருந்து, மகாராஷ்டிராவின் லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மாசீர் குஞ்சுகளை நல்லெண்ணத்தோடுதான் காவிரியில் விட்டார்கள். அது கிருஷ்ணா படுகை மீன். வந்த மீன் பெருகியது, இருந்த மீன் அருகியது. திமில் மாசீரின் அறிவியல் பெயர் டோர் ரெமாதேவியை என்பதே 2018இல்தான் உறுதியானது. அதே ஆண்டு, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கான உலகச் சிவப்புப் பட்டியலில் ‘மிக அருகிய’ இனமாகச் சேர்ந்தது. பெயரே தீராத மீனுக்கு அதுவரை யார் பாதுகாப்பு கேட்டிருக்க முடியும்?

சரிவு தெரியவந்ததே தூண்டில்காரர்களால்தான். கர்நாடகப் பகுதியில், காலிபோரே தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை பிடித்துத் திரும்ப விட்ட மீன்களைப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அதைப் புரட்டியபோதுதான் ஓர் இனம் ஏறியதும் மற்றது இறங்கியதும் புலப்பட்டன. முகாம் இருந்த சரணாலயத்தில் தூண்டிலுக்குத் தடை வந்ததும் பதிவேடு நின்றது. முகாம்களில் வேலை பார்த்த உள்ளூர்க்காரர்களின் கண்காணிப்பும் அதோடு போயிற்று. தடையே தவறு என்று சொல்ல வரவில்லை. அவர்கள் பார்த்துவந்த வேலையை யார் தொடர்வது என்று கேட்காமல் விட்டதுதான் தவறு.

நம் பக்கம் 2022இல் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 686 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்டது. நல்லதே. ஆனால் ஆறு அதைத் தாண்டி மேட்டூர் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. மேலே வனத்துறை, கீழே மீன்வளத்துறை, மதகு நீர்வளத்துறையிடம், நீர்மின் நிலையம் உள்ள மாயாற்றில் என்றால் மின்வாரியமும். மீன் பிடிக்கத் திருட்டுத்தனமாக ஆற்றில் போடும் வெடித்தோட்டாவின் சத்தம் முதலில் கேட்பதோ பரிசல்காரருக்கும் மீனவருக்கும். தோட்டா போட்டால் மீனின் காற்றுப்பை கிழிகிறது. மிதப்பதைத்தான் அள்ளுகிறார்கள், மீதி அடியில் கிடந்து அழுகும், குஞ்சும் மிஞ்சாது.

இவர்கள் எல்லோரையும் ஒரே குழுவில் உட்கார வைக்க வேண்டும். 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்பதால், அடித்தளம் ஏட்டிலாவது இருக்கிறது. கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலகத்தில் வைத்தால் மீனவர் வரமாட்டார். மாலையில் வலை போட்டு விடியுமுன் எடுத்து, காலையில் மீனை விற்றாக வேண்டியவர் அவர். பிற்பகலில், பரிசல் துறையிலேயே கூடுங்கள். முடிவுகளைத் தமிழில் எழுதிப் படித்துக் காட்டுங்கள்.

முதல் வேலை பதிவேடு. வலையில் மாசீர் சிக்கினால் தேதி, இடம், வலைக்கண் அளவு, மூக்கு நுனியிலிருந்து வால் கவை வரை நீளம், எடை, அளவுப் பலகையில் வைத்து ஒரு படம். சிறு மீனில் திமில் தெளிவாகத் தெரியாது. கண்ணால் மட்டும் இனம் பிரித்தால் பிழை வரும். எனவே துடுப்பு ஓரத்தில் நகக்கண் அளவு வெட்டி 95 சதவீத எத்தனாலில் போட்டு மரபணுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இதில் ஒரு நிபந்தனை உண்டு: தற்செயலாகச் சிக்கியதைச் சொன்னவர்மீது வழக்குப் போடக் கூடாது. ஒருவர்மீது போட்டால் போதும், அடுத்த நாளிலிருந்து பதிவேடு வெறுமையாகிவிடும். சோதனையில் தேறாத தாய்மீனின் குஞ்சு ஒன்றைக்கூட ஆற்றில் விடக் கூடாது.

இரண்டாவது மதகு. மாசீர் இனங்கள் மழைக்கால வெள்ளத்தில் எதிரேறிப் போய்ச் சரளைக்கற்களிடையே முட்டையிடும். தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் முட்டை காய்ந்துவிடும், குஞ்சுகள் பாறைக்குழிகளில் மாட்டிக்கொள்ளும். மணிக்கு அரை அடிக்கு மேல் நீர்மட்டம் இறங்கக் கூடாது என்று தொடங்கி, அளவுகோலைப் பார்த்துப் பார்த்துத் திருத்தலாம். இதற்குக் கூடுதல் தண்ணீர் அதிகம் செலவாகாது. கதவை இறக்கும் வேகத்தைக் குறைப்பதே வேலை. பிலிகுண்டுலுவில் வரவேண்டியதாக 2007இல் காவிரி நடுவர் மன்றம் விதித்த 192 டி.எம்.சி.யில் (2018இல் உச்ச நீதிமன்றம் இதை 177.25 ஆகக் குறைத்தது) 10 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதில் மீனின் முட்டைக்காலத்துக்கு எத்தனை கனஅடி, எந்த வாரத்தில் என்று குழு கேட்கலாம்.

அமெரிக்காவின் பிளாட் ஆற்றில் 2007 முதல் மூன்று மாநிலங்களும் மத்திய அரசும் விவசாயிகளும் சூழல் அமைப்புகளும் ஒரே குழுவாக இயங்குகிறார்கள். கொக்கு உள்ளிட்ட நான்கு இனங்களுக்காக ஆண்டுக்குச் சுமார் 6 டி.எம்.சி. நீர்ப் பற்றாக்குறையைக் குறைப்பது முதல் கட்ட இலக்கு. பாசனக்காரர்கள் அதில் சேர்ந்தது பறவைமேல் இருந்த பிரியத்தால் என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே அருகிய உயிரினச் சட்டத்தோடு மல்லுக்கட்டுவதைவிட இது மலிவாக இருந்தது. நம் மீனவருக்கும் அப்படியொரு கணக்கு வேண்டும்: பதிவு செய்யும் உழைப்புக்குக் கூலி, மாசீரை விடுவிக்க அறுத்த வலைக்கு ஈடு.

முதல் கூட்டத்தை வரும் ஜூன் மழைக்கு முன் ஒகேனக்கல் பரிசல் துறையிலேயே கூட்டும்படி நான்கு துறைகளையும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நன்னீர் மீன்வளம் அறிந்த வாசகர்கள் சிலர்,
மேட்டூர்