நாடகப் புத்தகத்தில் ஒரு பக்கம் கூடுதலாக வேண்டும்

தமிழில் நாடக நூல்களை வெளியிடும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். எங்களுடையது பதினோரு பேர் கொண்ட அமெச்சூர் நாடகக் குழு. ஏழு பெண்கள், நான்கு ஆண்கள். தோட்டத்தில் இலை பறிக்கிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், மளிகைக் கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று கலந்து இருக்கிறோம்.

நாடகப் புத்தகம் விற்காது என்று நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. வாங்குகிற சிலரில் நாங்களும் இருக்கிறோம். அந்த உரிமையில் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு நாடகப் புத்தகத்திலும் ஒரு பக்கம் ஒதுக்கி, எத்தனை ஆண் பாத்திரம், எத்தனை பெண் பாத்திரம், மேடையில் எவ்வளவு நேரம் ஓடும், என்னென்ன அரங்கப் பொருள் தேவை, நடத்த அனுமதி யாரிடம் கேட்பது என்று போடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்றால், போன செப்டம்பரில் மூன்று நாடகப் புத்தகங்களை அஞ்சலில் வரவழைத்தோம். கடையில் நின்று புரட்டிப் பார்த்து வாங்க இங்கே வழியில்லை. மலையிறங்கி கோவை போனாலும், நாடகத்துக்கென்று தனி அடுக்கு வைத்திருக்கிற கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பின்னட்டையை நம்பித்தான் பணம் கட்டுகிறோம். பின்னட்டையிலோ ஆசிரியரைப் பற்றிய பாராட்டு மட்டும் இருக்கிறது.

முதல் புத்தகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்டமாக உட்கார்ந்து சத்தமாக வாசித்தோம். இருந்தது ஒரு பிரதிதான், கைமாற்றிக் கைமாற்றி வாசித்தோம். முப்பதாம் பக்கம் தாண்டியும் புதுப்புது ஆட்கள் உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் எண்ணிப் பார்த்தால் 19 ஆண்கள், 2 பெண்கள். அந்த இரண்டு பெண்களில் ஒருவருக்கு மொத்தமே மூன்று வசனம். வாசித்து முடித்தபோது கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எங்கள் ஏழு பெண்களும் எதுவும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அந்த நூலுக்குப் பதினெட்டுப் பக்க முன்னுரை இருந்தது. பாத்திரப் பட்டியலுக்கு அரைப் பக்கம் கிடைக்கவில்லை.

இரண்டாவது புத்தகத்தில் காட்சிக்குக் காட்சி இடம் மாறியது. நீதிமன்றம், துறைமுகம், அரண்மனை. எங்கள் சமுதாயக் கூட மேடையின் அகலம் 18 அடி. சரி, அதையும் ஓரமாக வைத்தோம்.

மூன்றாவது நாடகம் எங்களுக்கென்றே எழுதியது போல இருந்தது. ஏழு பாத்திரங்கள், அதில் நான்கு பெண்கள், ஒரே வீட்டுக்குள் நடக்கிற கதை. ஒன்பது வாரம் ஒத்திகை பார்த்தோம். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்த வாரம் மட்டும்தான் ஒத்திகை இல்லை. ஐம்பது ரூபாய் டிக்கெட் அடித்தோம். மண்டப வாடகை, விளக்கு, ஒலிபெருக்கி மூன்றுக்கும் அது சரியாக இருக்கும் என்று கணக்கு.

டிக்கெட் வைத்தால் அனுமதி வாங்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். வாங்கத்தான் முயன்றோம். புத்தகத்தில் 'உரிமை: ஆசிரியருக்கு' என்று மட்டும் போட்டிருந்தது. ஆசிரியரின் முகவரி இல்லை, தொலைபேசி எண் இல்லை. பதிப்பகத்துக்கு நான்கு முறை பேசினேன். ஆசிரியர் காலமாகிவிட்டார், வாரிசு விவரம் எங்களிடம் இல்லை, புத்தகம் போட்டதோடு எங்கள் வேலை முடிந்தது என்று பதில் வந்தது. முன்னுரையின் அடியில் இருந்த பழைய முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகளுக்கு உரிமை தொடர்கிறது. அது நியாயம்தான், எழுதியவர் குடும்பத்துக்குப் பணம் போய்ச் சேர வேண்டும், நாங்கள் கொடுக்கத் தயாராகவும் இருந்தோம். வாங்கிக்கொள்ள ஆள் எங்கே என்று சொல்லத்தான் யாரும் இல்லை. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, கட்டணம் வாங்காமல் பார்வையாளருக்கு அமெச்சூர் குழு நடித்துக் காட்டுவது மீறல் ஆகாது என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நான்கு நாள் முன்பு டிக்கெட்டை ரத்து செய்தோம். விற்றதற்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். நாடகம் நடந்தது. கூடம் நிறைந்துதான் இருந்தது.

செலவை நாங்களே பங்கு போட்டுக்கொண்டோம். இலை பறிக்கிற அக்கா ஒருவர், அந்த நாடகத்தில் தாயாக நடித்தவர், தன் பங்கென்று இரண்டு நாள் கூலியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்றேன். "எல்லாரும் குடுக்கறப்ப நான் மட்டும் குடுக்காம இருந்தா நான் குழுவுல இல்லன்னு ஆயிடும் சார்" என்றார். வாங்கிக்கொண்டேன். அந்தப் பணம் இன்றும் என்னை உறுத்துகிறது. புத்தகத்தில் ஒரு வரி இருந்திருந்தால் அவர் கூலி அவரிடமே இருந்திருக்கும்.

வேறெங்கும் இல்லாததை நாங்கள் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் நாடக நூல்களை வெளியிடும் சாமுவேல் பிரெஞ்ச் நிறுவனத்தின் (இப்போது கான்கார்ட் தியேட்ரிகல்ஸின் பகுதி) நாடகப் பட்டியல்களைப் பாருங்கள். ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று நாடகத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும், மேடையேற்றும் உரிமமும் அவர்களிடமே வாங்கலாம். தமிழிலும் அமெச்சூர் நாடகம் நேற்று முளைத்ததல்ல. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, வேறு வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர்கள்தான் அதில் இருந்தார்கள். அவர் 1964இல் மறைந்தார், 60 ஆண்டுக் கணக்கும் 2024 முடிவோடு தீர்ந்துவிட்டது. இப்போது அவர் நாடகங்களை யாரையும் கேட்காமல் டிக்கெட் வைத்தே போடலாம். இந்த விவரத்தை அவர் புத்தகத்தில் அச்சிட்டால் எத்தனை பள்ளிகளுக்கு, எத்தனை குழுக்களுக்கு உதவும்! ஆனால் அன்று பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். இன்று எங்களிடம் பெண்கள் அதிகம். உரிமை இன்னும் முடியாத நாடகங்களில், கணக்குப்பிள்ளை போன்ற ஆண் பாத்திரத்தைப் பெண்ணாக மாற்றி நடிக்கலாமா, நெல்லைப் பேச்சில் எழுதிய வசனத்தை எங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றலாமா என்று கேட்கவும் ஒருவர் வேண்டும். எங்களில் மூன்று பேர் வீட்டில் படுக மொழி பேசுகிறவர்கள், இரண்டு பேர் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். வசனம் வாயில் உட்கார்ந்தால்தான் நடிப்பு வரும்.

நூலகங்களில் நாவல் வரிசை வரிசையாக இருக்கிறது, நாடகம் தேடினால் பாடத்திட்டத்துக்கு வாங்கிய நான்கு பிரதிகள் கிடைக்கின்றன. புத்தகத் திருவிழாவில் நாடகம் என்று கேட்டால் டிவி சீரியலா என்று திருப்பிக் கேட்கிறார்கள். இதெல்லாம் உங்கள் கையில் மட்டும் இல்லை என்பது புரிகிறது. கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

உங்கள் கையில் இருப்பது அந்த ஒரு பக்கம். இனி அச்சுக்குப் போகிற நாடகங்களில் அதைச் சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே அச்சான பிரதிகளில் ஒரு துண்டுத்தாள் செருகினாலும் போதும். ஆசிரியர் மறைந்திருந்தால் வாரிசின் முகவரியை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்குச் சொல்லுங்கள்.

கோடைக்கு அடுத்த நாடகம் போட வேண்டும். இந்த வாரம் புத்தகம் தேடத் தொடங்கியிருக்கிறோம். பெண் பாத்திரங்கள் அதிகம் உள்ள நாடகம் உங்களிடம் இருந்தால், தயவுசெய்து எத்தனை பேர் என்பதைச் சொல்லி விற்பனைப் பட்டியல் அனுப்புங்கள். பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
கோத்தகிரி நாடகக் குழு ஒன்றின் சார்பில்