மணல் ஈக்குப் பணம் வாங்கிக்கொண்டு கொசுவுக்குப் புகை அடித்தது தொடர்பாக

அனுப்புநர்:
தென்னந்தோப்பு உரிமையாளர், பள்ளத்தூர்.

பெறுநர்:
கிளை மேலாளர், பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம், காரைக்குடி.

ஐயா,

எங்கள் தோப்பில் மணல் ஈத் தொல்லையை நீக்கித் தருவதாகச் சொல்லி உங்கள் நிறுவனம் 12,000 ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. அதில் 9,000 ரூபாயைக் கட்டிவிட்டேன். உங்கள் ஆட்கள் மூன்று முறை வந்து போய்விட்டார்கள். தோப்புக் காவலரின் பிள்ளைகள் இன்று காலையும் கை, கால் எல்லாம் தடிப்போடுதான் எழுந்தார்கள். சொறிந்து சொறிந்து சின்னவளுக்குக் கணுக்கால் புண்ணாகிவிட்டது.

மூன்று முறையும் உங்கள் ஆட்கள் வந்தது காலை பதினொரு மணிக்கு. மணல் ஈ அந்தி சாய்ந்த பிறகே கடிக்கப் புறப்படும். பகலெல்லாம் மண்சுவர் விரிசலிலும் தொழுவத்து இருட்டு மூலையிலும் ஒடுங்கிக் கிடக்கும். அந்த நேரத்தில் தென்னை வரிசைகளுக்கு நடுவே புகை போட்டு என்ன பயன்? புகை கலைவதற்குள் காவலரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

இரண்டாம் முறை நடந்தது இதைவிட மோசம். மாடுகள் குடிக்கிற தொட்டியில் மருந்தை ஊற்றிவிட்டார்கள். தடுத்த காவலரிடம், "முட்டை தண்ணீரில்தான் இருக்கும்" என்றார்களாம். கொசுவுக்கு அது சரி. மணல் ஈ தண்ணீரில் முட்டையிடுவதில்லை. சாணமும் மட்கிய ஓலையும் கலந்த ஈர மண்ணில் இடுகிறது. தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் மாடுகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தோம். வாயில்லா ஜீவன்கள் குடித்திருந்தால் யார் பொறுப்பு?

உங்களிடமே கொசுவலையும் வாங்கினோம். இரண்டு மூன்று மில்லிமீட்டரே உள்ள இந்த ஈ சாதாரண வலைக் கண்ணுக்குள் புகுந்துவிடும் என்று விற்றவர் சொல்லவில்லை.

எங்கள் பக்கமும் குறை உண்டு. தொழுவத்தை ஒட்டிச் சாணக் குப்பையும் தேங்காய் மட்டையும் மாதக்கணக்கில் கிடந்தன. இப்போது அவற்றைக் குடியிருப்பை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய்விட்டோம். விரிசல்களையும் சுண்ணாம்பால் அடைத்துவிட்டோம். இந்த யோசனையைச் சொன்னவர் எங்கள் கால்நடை மருத்துவர். பணம் வாங்கிய நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

பீகார், ஜார்க்கண்ட் பக்கம் காலா அசார் காய்ச்சலைப் பரப்புவது மணல் ஈதான். அங்கே அரசு ஆட்கள் வீட்டுக்குள்ளும் தொழுவத்திலும் சுவரில் தரையிலிருந்து ஆறடி உயரம் வரை மருந்து தெளிக்கிறார்கள். சுவரில் தங்கும் மருந்தில் ஈ வந்து உட்கார்ந்தால் சாகும். உயரப் பறக்கத் தெரியாமல் சுவரோரம் தத்தித் தத்திப் போகிற பூச்சிக்கு அதுதான் வழி.

ஆகவே, விவரம் தெரிந்த ஒருவரை அனுப்பிக் காவலர் வீட்டிலும் தொழுவத்திலும் சுவர்த் தெளிப்பு செய்து தாருங்கள். மருந்தின் பெயர், அளவு, மாடுகளை எவ்வளவு நேரம் வெளியே கட்ட வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். தொட்டியில் ஊற்றியது என்ன என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். வலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு அதன் விலையைத் தந்துவிடுங்கள்.

பதினைந்து நாளுக்குள் இது நடக்காவிட்டால் 9,000 ரூபாயையும் கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். மீதி 3,000 ரூபாயைச் சுவர்த் தெளிப்பு முடிந்த பிறகே கட்டுவேன்.

இப்படிக்கு,
தோப்பு உரிமையாளர்