பைராட்ஸ் 4 வேறு, ஸ்டேஜ் 4 வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய் பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ‘சீக்கிரம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்’ என்பதோடு முடிந்துவிடுகின்றன. பரிசோதித்த பிறகு ‘இருக்கலாம்’ என்ற சொல்லையும் ஒரு ரிப்போர்ட்டையும் சுமந்து வீட்டுக்கு வரும் பெண், பயாப்ஸி (கட்டியிலிருந்து திசு எடுத்துச் சோதிப்பது) முடிவு வரும்வரை என்ன செய்வது, யாரைக் கேட்பது என்று எழுதுவோர் மிகக் குறைவு. சிகிச்சை தொடங்கிவிட்டால் வழிகாட்ட டாக்டரும் நர்ஸும் இருப்பார்கள். அதற்கு முந்தைய நாட்களில்தான் அவர் தனியாக நிற்கிறார்.

பயம் பெரும்பாலும் ஓர் எண்ணில் தொடங்குகிறது. மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘பைராட்ஸ் 4’ என்றிருக்கும். அதை நான்காம் ஸ்டேஜ் என்று படித்துவிட்டு வீடே இடிந்துபோகிறது. பைராட்ஸ் என்பது படத்தைப் பார்த்த ரேடியாலஜிஸ்ட் தன் சந்தேகத்தின் அளவுக்குக் கொடுக்கும் எண். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. 0 என்றால் இன்னும் படம் வேண்டும், அல்லது பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும். 1, 2 வந்தால் படத்தில் சந்தேகம் இல்லை. 3 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவீதத்தைத் தாண்டாது. வழக்கமாக ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். 4 என்பதுதான் மிக அகலமான வகை. 4ஏ-யில் வாய்ப்பு 2 முதல் 10 சதவீதம், 4பி-யில் 10 முதல் 50, 4சி-யில் 50 முதல் 95. அதற்கு மேல் 5. வெறும் 4 என்று போட்டிருந்தால் ஏ-யா, பி-யா, சி-யா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றுக்கும் பயாப்ஸி உண்டு. ஆனால் 4ஏ வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்காவது அது புற்றுநோயாக இருப்பதில்லை என்று தெரிந்தால் அன்றிரவு கொஞ்சமாவது தூங்கலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. கையில் கட்டி தட்டுப்படுகிறது, மேமோகிராம் நார்மல், அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அடர்த்தியான மார்பகத்தில் திசுவும் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத் தெரியும். ஒன்றுக்குள் ஒன்று மறைந்துவிடும். அதனால்தான் டாக்டர் கையால் பார்ப்பது, ஸ்கேன், ஊசி மூன்றையும் பொருத்திப் பார்க்கிறார்கள். தட்டுப்படும் கட்டி இருந்தால் மேமோகிராம் நார்மல் என்றாலும் அல்ட்ராசவுண்ட் கேளுங்கள். 30 வயதுக்குக் கீழ் என்றால் முதலிலேயே அல்ட்ராசவுண்ட்தான். ‘வலி இல்லையே’ என்ற ஆறுதலை நம்ப வேண்டாம். புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. சிஏ 15-3 என்ற ரத்தப் பரிசோதனை நார்மல் என்பதும் எதையும் உறுதிப்படுத்தாது. நோயைக் கண்டுபிடிக்க அந்தப் பரிசோதனை உதவாது.

பயாப்ஸி என்றதும் ‘ஊசி பட்டால் பரவிவிடும்’ என்று சொல்ல உறவில் ஒருவராவது இருப்பார். ஊசி குத்தியதால் நோய் முற்றுவதில்லை. பயாப்ஸி இல்லாமல் நேராகக் கட்டியை வெட்டி எடுப்பதுதான் சிக்கலை உண்டாக்கும். அது புற்றுநோய் என்று பிறகு தெரிந்தால், ஓரங்களில் மிச்சம் இருக்கிறதென்று இன்னொரு ஆபரேஷன் செய்ய நேரலாம். முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கும் வழியும் அடைபட்டுப்போகும். மெல்லிய ஊசியால் உறிஞ்சும் எஃப்என்ஏசி-யில் தனித்தனி செல்கள்தான் வரும். நோய் பால்குழாய்க்குள்ளேயே நிற்கிறதா, சுவரை உடைத்து வெளியே வந்துவிட்டதா என்று அதில் சொல்ல முடியாது. சந்தேகத்துக்குரிய கட்டிக்கு, சற்றுத் தடித்த ஊசியால் திசுவைத் துண்டாகவே எடுக்கும் கோர் பயாப்ஸிதான் வேண்டும்.

அதில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி நடுக்கம் போய்விடும். மரத்துப்போக ஊசி போட்டு, தோலில் சில மில்லிமீட்டர் கீறி, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே ஊசியைச் செலுத்துவார்கள். ஸ்டேப்ளர் அடிப்பதுபோல ‘டக்’ என்று சத்தம் வரும். அதற்கு முன்பே சொல்லச் சொல்லுங்கள், உடம்பு தூக்கிப்போடாது. வெளியே வருவது நூல்துண்டு போன்ற வெளிர் திசு. இப்படி நாலைந்து எடுப்பார்கள். பிறகு பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் பொதுவாகத் தையல் தேவைப்படாது. சில நாள் கன்றிப்போய் நீலமாக இருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்பே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

அந்தத் துணுக்குகள் ஒரு மணி நேரத்துக்குள், திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் விழ வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊற வேண்டும். சலைன் எனும் உப்புநீரில் போட்டாலோ நாள்கணக்கில் விட்டுவிட்டாலோ, எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) முடிவுகள் தவறிப்போகும், சிகிச்சையும் தடம் மாறும். டப்பாவை வீட்டார்தான் லேபுக்கு எடுத்துப்போக வேண்டுமென்றால், லேபிளில் பெயர், இடமா வலமா, எடுத்த தேதி, நேரம் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அன்றே சேர்த்துவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் ‘கிரேடு 3’ என்றிருந்தால் அது ஸ்டேஜ் இல்லை. செல்களின் தோற்றத்துக்குக் கொடுக்கும் மதிப்பு. ஹெர்2 ‘2+’ என்பது முடிவு ஆகாது, ஃபிஷ் போன்ற இன்னொரு பரிசோதனை செய்துதான் தீர்மானிக்க வேண்டும். படத்தில் பைராட்ஸ் 5, பயாப்ஸியில் ‘சாதாரணக் கட்டி’ என்று வந்தால் கொண்டாடிவிட்டுப் போய்விடாதீர்கள். ஊசி சரியான இடத்தில் பட்டதா என்று கேளுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் பயாப்ஸியை மறுபடி செய்ய வேண்டும். இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டுமென்றால் ரிப்போர்ட் நகல் மட்டும் போதாது. திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடையும் கேட்டு வாங்கி, மற்றொரு நோயியல் நிபுணரிடம் காட்டலாம்.

இணையத்தில் தேடாதே என்று சொல்வதால் யாரும் தேடாமல் இருப்பதில்லை. அமெரிக்க தேசிய புற்றுநோய் நிறுவனத்தின் தளத்தில் பெரும்பாலான புற்றுநோய்களுக்கு, நோயாளிகளுக்குத் தனியாக, மருத்துவர்களுக்குத் தனியாக இரண்டு விளக்கங்கள் உண்டு, திருத்திய தேதியோடு. தேதியும் பெயரும் இல்லாத பக்கத்தை மூடிவிடுங்கள். உயிர்வாழும் சதவீதங்களை இப்போதே தேட வேண்டாம். அவை பல ஆண்டுகளுக்கு முன் நோய் உறுதியானவர்களின் கணக்கு. உங்களுக்கு நோய் இருக்கிறதா என்பதே இன்னும் தெரியவில்லை.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது கூட ஒருவர் வரட்டும். அவருக்கு ஒரே வேலை: சொல்வதை எழுதிக்கொள்வது. பயத்தில் இருப்பவர் காதில் முதல் வாக்கியத்துக்குப் பிறகு எதுவும் ஏறாது. உறவினர்களுக்குப் பதில் சொல்ல வேறொருவரை வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேரிடம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது நோயைவிடக் களைப்பாக்கும். தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் நாட்கள் ஓடினால் மருத்துவமனை ஆலோசகரைப் பார்க்க முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே ஆபரேஷன் என்று யாரும் துரத்தவும் வேண்டியதில்லை. முதல்முறை டாக்டரைப் பார்த்ததிலிருந்து 60 நாட்களுக்குள் நோயறிதல் முடிய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. சரியாகச் செய்ய அதற்குள் நேரம் இருக்கிறது, தள்ளிப்போடத்தான் இல்லை.

தங்கள் மருத்துவப் பக்கத்தில் பைராட்ஸ் எண்களின் பொருளை ஒரு சிறு கட்டமாக, வெட்டி எடுத்து ரிப்போர்ட்டோடு வைத்துக்கொள்ளும் அளவில் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்கள்