மூத்த மகளிர் பிரிவு: ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

அக்டோபர் 20, உலக எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்) நாளையொட்டி சமுதாயக் கூடத்தில் முகாம் நடத்தினோம். வந்தவர்களில் பலர் முட்டி வலிக்காக வந்தவர்கள். வலி இல்லாதவர்கள், "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். எனக்குக் கவலை அவர்களைப் பற்றித்தான். எலும்புப்புரை, எலும்பு முறியும்வரை பெரும்பாலும் வலிக்காது. மாதவிடாய் நின்றதும் வரும் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரையும். வெளியே ஒன்றும் தெரியாது.

முகாமில் குதிகாலில் வைத்துப் பார்த்தது அல்ட்ராசவுண்ட் கருவி. யாரை மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று அது காட்டும், அவ்வளவுதான். உறுதி செய்ய இடுப்பிலும் முதுகெலும்பிலும் டெக்ஸா ஸ்கேன், அதாவது எலும்பு அடர்த்தியை அளக்கும் எக்ஸ்ரே, எடுக்க வேண்டும். அதில் வரும் டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை. அந்த அளவுக்குப் போகாதவர்களுக்கும் எலும்பு முறிவதுண்டு. அதனால்தான் முகாமுக்கு வந்த மருத்துவர் கருவி காட்டிய எண்ணை மட்டும் பார்க்காமல் வயது, எடை, பழைய முறிவு, பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்ததா, ஸ்டீராய்டு மாத்திரை உண்டா என்றெல்லாம் கேட்டார். இவற்றை வைத்து அடுத்த 10 ஆண்டுகளில் முறிவு வரும் வாய்ப்பைக் கணக்கிடும் ஃப்ராக்ஸ் முறை இருக்கிறது. ஸ்கேன் இல்லாமலும் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

நம் உறுப்பினரான ஒரு அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டைப் பிரித்ததோடு சரி, எலும்பு அடர்த்தியைப் பாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. 50 வயதுக்கு மேல் சும்மா நின்ற இடத்தில் விழுந்து எலும்பு முறிந்தால் அதுவே பெரிய எச்சரிக்கை. அடுத்த முறிவு இடுப்பிலோ முதுகிலோ வரலாம். கூன் விழுவதும் உயரம் குறைவதும்கூட முதுமையால் மட்டும் வருவதில்லை. முதுகெலும்பு ஓசையில்லாமல் நொறுங்கியிருக்கலாம்.

ஆகவே வரும் ஆண்டில், ஏற்கெனவே விழுந்து எலும்பு முறிந்தவர்களை முதலில் டெக்ஸாவுக்கு அழைத்துப் போகச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. கூடவே பொதுக் கழிவறையிலும் மாடிப்படியிலும் கைப்பிடி பொருத்த நிதி கேட்டிருக்கிறோம். அப்புறம், முகாமுக்கு வராத அம்மாக்களின் வீட்டுக்கு நேரில் போக இரண்டு மூன்று பேர் வேண்டும். பெயர் தருபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.

நன்றி.
செயலாளர்